மனச்சோர்வுக்குச் சீன மரபு மருத்துவம்: புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் ஒரு வழிகாட்டி

சீன மரபு மருத்துவரிடம் சென்று ‘எனக்கு மனச்சோர்வு’ என்று மட்டும் சொல்லி அமர்ந்தால், அதிலிருந்து அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் நாக்கை நீட்டச் சொல்வார். அடிக்கடி பெருமூச்சு வருகிறதா, விலாவின் இருபுறமும் இறுக்கமாக இருக்கிறதா, மலம் இளகிப் போகிறதா, இறுகிப் போகிறதா, நடு இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்றெல்லாம் கேட்பார். மனத்தைப் பற்றிப் பேச வந்தவரிடம் வயிற்றைப் பற்றி விசாரிக்கிறாரே என்று முதல்முறை செல்பவருக்குத் தோன்றும். அந்த மருத்துவத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விசாரணைதான். அது ஏன் என்பதைத் தெரிந்துகொண்டு சென்றால், சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லவும், கொடுக்கப்படும் மருந்து எதற்கானது என்று கேட்டுப் பெறவும், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அறியவும் முடியும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள், நாள்கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும் இருப்பவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள், இடையிடையே அளவுகடந்த உற்சாகத்தில் தூக்கமின்றித் திரிபவர்கள் ஆகியோர் முதலில் செல்ல வேண்டிய இடம் மனநல மருத்துவமனை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும், இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணையும் எந்த நேரத்திலும் அழைக்கலாம். சீனாவிலேயே இன்று பல மருத்துவமனைகளில் இரு மருத்துவமும் அருகருகே நடக்கின்றன. கடுமையான நிலையில் மூலிகையை மட்டும் நம்பியிருக்குமாறு பொறுப்புள்ள எந்தச் சீன மருத்துவரும் சொல்வதில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் கசாயம் தொடங்கிய மகிழ்ச்சியில் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி ஆகியவற்றோடு நோயும் திரும்பி வரக்கூடும்.

‘யூ’ என்னும் தேக்கம்

மனச்சோர்வைக் குறிக்க இன்றைய சீன மொழியில் வழங்கும் சொல் ‘யீயூ’. ‘யீ’ என்றால் அமுக்குதல். ‘யூ’ என்றால் அடைந்து தேங்குதல். இரண்டாவது சொல்லின் பழைய எழுத்து வடிவத்தில் 29 கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அடர்ந்து செறிந்த மரக்கூட்டத்தையும் அதே எழுத்து குறிக்கும். மரபு மருத்துவ நூல்கள் இந்த நோயை ‘யூ நோய்’ என்றே வகைப்படுத்துகின்றன. அதாவது, உடலில் இடையறாது ஓட வேண்டிய ஒன்று ஓடாமல் நின்றுவிட்டது என்பதுதான் அடிப்படைக் கருத்து.

ஓட வேண்டியவற்றுள் முதன்மையானது ‘ச்சி’. இதை மூச்சு, உயிர்ப்பு, இயக்கம் என்று எப்படி மொழிபெயர்த்தாலும் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. ஆகவே ச்சி என்றே வைத்துக்கொள்வோம். அது தங்குதடையின்றி ஓடுவதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு கல்லீரலுடையது. உறைந்த கோபமும் நிறைவேறாத விருப்பமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத மனக்குறையும் முதலில் கல்லீரலின் ஓட்டத்தையே தடுக்கும் என்பது கொள்கை. கல்லீரல் முரண்டு பிடித்தால் அருகிலுள்ள மண்ணீரலும் வயிறும் கெட்டுப் பசி போகும். மண்ணீரல் நலிந்தால் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்தால் இதயத்தில் குடியிருக்கும் ‘ஷென்’ என்னும் தெளிவுணர்வு தங்க இடமின்றி அலையும். அதனால் தூக்கம் கெடும், மறதி வரும், மனம் எதிலும் பற்றாது. இங்கே கல்லீரல், மண்ணீரல் என்று சொல்லப்படுபவை அறுவைச் சிகிச்சை மேசையில் காணும் உறுப்புகளைக் குறிப்பதில்லை. அவை ஒவ்வொன்றும் ஒரு செயல்தொகுதியின் பெயர். ‘உங்கள் கல்லீரலில் தேக்கம்’ என்று சீன மருத்துவர் சொன்னதைக் கேட்டுப் பயந்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

யுவான் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த ஜூ டான்ஷி (1281–1358) இந்தத் தேக்கத்தை ஆறாகப் பிரித்தார்: ச்சி, இரத்தம், கபம், வெப்பம், ஈரம், உணவு. அவருடைய ‘யுவே ஜூ’ உருண்டையில் ஐந்தே சரக்குகள். ச்சியை அவிழ்ப்பதற்கு ஒன்று, இரத்தத்துக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, செரியாத உணவுக்கு ஒன்று. கபத்துக்குத் தனியே எதுவும் இல்லை. மற்ற ஐந்தும் கலைந்தால் கபம் தானாகக் கரையும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். இந்த ஐந்தில் ச்சியை அவிழ்க்கும் ‘ஷியாங்ஃபு’ வேறொன்றுமில்லை, நம் வயல்களில் களையாகப் பிடுங்கி எறியப்படும் கோரையின் கிழங்குதான்.

ஜூ டான்ஷிக்குப் பின், மிங் காலத்து ஜாங் ஜிங்யுவே (1563–1640) ஒரு திருத்தம் சொன்னார். என் பார்வையில் இந்த மருத்துவத்தை நாடுபவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய மிக முக்கியமான செய்தி இதுவே. நோயால் மனம் அடைபடுவது ஒன்று. மனம் அடைபட்டதால் நோய் வருவது மற்றொன்று. மேலும், கோபத்தால் வந்த தேக்கத்தைத் தொடக்கத்தில் உடைத்துவிடலாம். கவலையாலும் துயரத்தாலும் வந்த சோர்வில் பெரும்பாலும் உடைப்பதற்கு எதுவுமிருக்காது, உள்ளே வற்றிப்போயிருக்கும், அதை நிரப்பத்தான் வேண்டும் என்றார் அவர். அடைப்பா, வறட்சியா? மருத்துவர் கேட்கும் நூறு கேள்விகளும் இந்த ஒரு தீர்மானத்தை நோக்கியே செல்கின்றன. வற்றிய உடலுக்கு அடைப்பை உடைக்கும் சரக்குகளைத் தொடர்ந்து கொடுத்தால் இருப்பதும் கரைந்துபோகும். அடைபட்ட உடலுக்குப் பலம் ஏற்றும் மருந்தைக் கொடுத்தால் நெஞ்சு மேலும் கனக்கும். பக்கத்து வீட்டாருக்குக் கேட்ட மருந்து நமக்குக் கேட்காததற்கு இந்த மருத்துவம் கூறும் காரணமும் அதுதான்.

எந்த வகை என்று எப்படி அறிகிறார்கள்

அதிகம் காணப்படுவது கல்லீரல் ச்சித் தேக்கம். பெருமூச்சு விட்டால் சற்று ஆறுதலாக இருக்கும். விலா உப்பினாற்போல் இருக்கும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன் மார்பு கனத்து எரிச்சல் மிகும். வலி ஓரிடத்தில் நில்லாமல் இடம் மாறும். வேலையில் இறங்கினால் குறைந்து, சும்மா இருந்தால் கூடும். நாடி இழுத்துக் கட்டிய யாழ் நரம்பைப் போல விறைத்து நிற்கும். இதுவே பல மாதம் நீடித்தால் வெப்பமாக மாறி, வாய்க்கசப்பு, கண் சிவப்பு, தலைவலி, மலச்சிக்கல், சடாரென்று வெடிக்கும் கோபம் என்று வெளிப்படும்.

இரண்டாவது வகை விசித்திரமானது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இருக்கும். விழுங்கினாலும் போகாது, கக்கினாலும் வராது. ஆனால் சோறு தண்ணீர் தடையின்றி இறங்கும். பிற்காலத்தார் இதைப் பிளம் பழத்தின் கொட்டை தொண்டையில் நிற்பதாக உவமித்தார்கள். கிழக்கு ஹான் காலத்தின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங், வறுத்த இறைச்சித் துண்டு சிக்கியது போல என்று எழுதி, ‘பான்ஷியா ஹோவ்போ’ கசாயத்தை அதற்கு வகுத்தார். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்குப் பிறகும் இதே குறிக்கு இதே கசாயம்தான் எழுதப்படுகிறது. தொண்டை அடைப்பு புதிதாக வந்திருந்தாலோ, உண்மையிலேயே உணவு இறங்கச் சிரமம் இருந்தாலோ, கசாயத்துக்கு முன் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்த்துவிட வேண்டும்.

வறட்சிப் பக்கத்தில், ஓயாத யோசனையால் இதயமும் மண்ணீரலும் நலிந்த வகை ஒன்று உண்டு. முகம் வெளிறி, பசியின்றி, படபடப்பும் மறதியும் சேர்ந்து, படுத்தால் கனவுகளாகவே வரும். நாக்கு வெளுத்திருக்கும், நாடி மெலிந்திருக்கும். பரீட்சைக்குப் படிப்பவர்களிடமும், நோயாளியை நெடுநாள் பார்த்துக்கொண்டவர்களிடமும் இதைக் காணலாம். இதற்கான ‘குய் பி’ கசாயம் சோங் காலத்தது. இன்னொன்றில் உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியும், இரவில் வியர்க்கும், வாய் வறளும், நாக்கு படிவமின்றிச் சிவந்திருக்கும். குளிர்ச்சியும் ஈரமும் வற்றியதாகக் கொண்டு இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்து நனைக்கும் மருந்துகளைக் கொடுப்பார்கள்.

காரணமின்றி அழுகை பொங்குவதும், கொட்டாவியும் சோம்பல் முறித்தலும் மாறி மாறி வருவதுமான வகைக்கு ஜாங் ஜோங்ஜிங் எழுதிய மருந்தைச் சமையலறையிலிருந்தே எடுத்துவிடலாம் போலிருக்கும்: அதிமதுரம், கோதுமை, சீன இலந்தை. மூன்றும் இனிப்பு. தவித்து நிற்கும் உள்ளத்தைத் தணிக்க இனிப்பே வேண்டும் என்பது அவர் காலத்துக் கணக்கு.

இந்த வகைகள் நூலில்தான் தனித்தனியாக நிற்கும். உண்மையில் வரும் நோயாளியிடம் இரண்டு மூன்று கலந்தே இருக்கும்; சோதிப்பவரின் திறமை எது முதல், எது அதைத் தொடர்ந்தது என்று பிரிப்பதில் இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கும் நாள்

அன்று காலை நாக்கு வழிக்க வேண்டாம். நம் வீடுகளில் பல் துலக்கியவுடன் நாக்கு வழிப்பது கை தன்னாலே செய்யும் வேலை என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். நாக்கின் மேல் படிவம் தடித்திருக்கிறதா, மஞ்சளா, வெள்ளையா, உரிந்திருக்கிறதா என்பது அவருக்குப் பாதி விடை. அதை வழித்து எறிந்துவிட்டுச் சென்றால் அவர் வெறும் சதையைத்தான் பார்ப்பார். காபி, பீட்ரூட், வண்ண மிட்டாய் ஆகியவற்றையும் தவிர்க்கலாம். ஓடிவந்த வேகத்தில் உடனே கையை நீட்டாமல் பத்து நிமிடம் அமர்ந்து மூச்சு அடங்கிய பின் நாடி கொடுப்பது நல்லது.

நாடி பார்க்கும்போது கை ஒரு சிறு மெத்தை மேல் வைக்கப்படும். மருத்துவர் முதலில் நடுவிரலை மணிக்கட்டுக்குச் சற்று மேலே துருத்தும் எலும்புக்கு நேராக வைத்துவிட்டு, மற்ற இரு விரல்களையும் இருபுறமும் அமர்த்துவார். மெல்லத் தொட்டு, சிறிது அழுத்தி, பின் நன்றாக அழுத்தி என்று மூன்று ஆழத்தில் கேட்பார். இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம்; வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மீண்டும் சிறுநீரகம். நம் சித்த மருத்துவர் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பதை இது நினைவூட்டினாலும், விரல்கள் தேடுவது வேறு. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காமலிருப்பது உதவி.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். எப்போதிலிருந்து, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நாளின் எந்நேரம் மோசம், தூக்கம் வராததா, வந்து கலைவதா, பசி, தாகம், மலம், வியர்வை, மாதவிலக்கு ஆகியவற்றுடன், எடுத்துக்கொள்ளும் எல்லா ஆங்கில மருந்துகளின் பெயரையும் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். உடலைப் பற்றிச் சொல்வதால் மனத்தின் நோய் மறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 1980-இல் சாங்ஷா நகரின் ஹுனான் மருத்துவக் கல்லூரியில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று முத்திரை குத்தப்பட்ட 100 பேரைச் சோதித்தபோது, தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை என்றே வந்திருந்த அவர்களுள் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்ததைக் கண்டார். உடலின் மொழியில் மனம் பேசுவது சீனாவுக்கு மட்டும் உரியதென்று நான் நினைக்கவில்லை. நெஞ்சு கரிக்கிறது, கை கால் ஓய்கிறது என்று சொல்லிக்கொண்டே நம் ஊரிலும் எத்தனையோ பேர் மருந்துக்கடைக்கு நடக்கிறார்கள்.

கசாயம்

கல்லீரல் தேக்கத்துக்கும் மண்ணீரல் நலிவுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு அதிகம் எழுதப்படுவது ‘ஷியாவ்யாவ் சான்’. கவலையற்றுத் திரிதல் என்ற பொருளில் அமைந்த இந்தப் பெயர் மருந்துக்கு வைக்கக்கூடிய அழகான பெயர்களுள் ஒன்று. சோங் அரசின் மருந்தகத் தொகுப்பில் இடம்பெற்ற இந்தப் பொடியில் சாய்ஹு என்னும் வேர் ச்சியை அவிழ்க்கிறது. டாங்குய் வேர், வெண் பியோனி வேர் ஆகிய இரண்டும் கல்லீரலுக்கு இரத்தம் ஊட்டுகின்றன. பாய்ஜூ என்னும் கிழங்கு, பைன் மரவேரில் வளரும் ஃபூலிங் என்னும் பூஞ்சை, அதிமதுரம் ஆகியவை மண்ணீரலைத் தாங்குகின்றன. சுட்ட இஞ்சித் துண்டொன்றும் சிட்டிகைப் புதினாவும் கடைசியில் சேர்கின்றன. அடைப்பை உடைப்பதும் வறட்சியை நிரப்புவதும் ஒரே சட்டிக்குள் நடப்பதால்தான் இது இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது. வெப்பம் மிகுந்திருந்தால் மரப் பியோனிப் பட்டையும் கார்டினியாக் காயும் கூடுதலாகச் சேரும்.

கடையில் பொட்டலமாகக் கொடுத்த சரக்கைக் காய்ச்ச மண்சட்டி சிறந்தது. கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவையும் ஆகும். இரும்பும் அலுமினியமும் செம்பும் வேண்டாம். சரக்கின் மேல் இரண்டு விரற்கடை நிற்குமளவு குளிர்ந்த நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊற விட வேண்டும். சுடுநீர் ஊற்றினால் மேற்புறம் இறுகிச் சாரம் உள்ளேயே தங்கிவிடும் என்பார்கள். பெருந்தீயில் கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடிபோட்டு, 20 முதல் 30 நிமிடம் சிறு கொதியில் வைக்கவும். புதினா போன்ற மணச்சரக்கு தனிப் பொட்டலமாக வரும். அதை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் போட்டால் போதும், முதலிலேயே போட்டால் மணம் முழுவதும் ஆவியாக வீட்டுக்குப் போய்விடும். வடித்த பிறகு அதே சக்கையில் மறுபடி நீர் ஊற்றி இரண்டாம் முறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து, காலையும் மாலையும் வெதுவெதுப்பாகப் பாதிப் பாதி அருந்த வேண்டும். முதல் வடிநீரைக் காலையிலும் இரண்டாவதை மாலையிலும் தனித்தனியே குடித்தால் இரு வேளையும் ஒரே வலிமையில் இராது.

இந்தச் செய்முறையைப் படித்துவிட்டுத் தாமாகவே சரக்கு வாங்கத் தொடங்குவது ஆபத்து. அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடுதல் கேடு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு டாங்குய் சேர்ந்தால் இரத்தம் அளவுக்கு மீறி இளகும். தொண்டை அடைப்புக் கசாயத்தில் சேரும் பான்ஷியா கிழங்கு பச்சையாக நஞ்சு. இஞ்சியோடோ படிகாரத்தோடோ பக்குவப்படுத்தியதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மனத்தை அமைதிப்படுத்தும் பழைய உருண்டைகள் சிலவற்றில் பாதரசக் கனிமமான சிவந்த சாதிலிங்கம் சேர்ந்திருக்கும். அத்தகைய பொருளைத் தொடவே வேண்டாம். பெயர் மாறிய சரக்கு என்ன செய்யும் என்பதற்குப் பெல்ஜியம் சான்று: 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலியும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் ஒலியில் அதை ஒத்த அரிஸ்டோலோக்கியா இன மூலிகை கலந்துபோனதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சிறுநீரகம் கெட்டு அவதிப்பட்டார்கள். பதிவு பெற்ற மருத்துவர், முத்திரையிட்ட மருந்தகம் என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்வதே இதற்கு வழி. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன மருத்துவர்களுக்குப் பதிவு கட்டாயம். பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம்.

ஊசியும் பேச்சும்

அக்குபங்சரில் தலை உச்சியிலுள்ள பாய்ஹுய், புருவமத்தியிலுள்ள யின்டாங், மணிக்கட்டு மடிப்பின் சுண்டுவிரல் பக்கத்து ஷென்மென், பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட டாய்சோங் ஆகிய புள்ளிகள் மனச்சோர்வுக்கு வழக்கமானவை. ஊசி தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன்தான். குத்தும்போது உண்டாகும் கூச்சம் மறைந்தபின் கனமாகவோ வலிப்பது போலவோ ஓருணர்வு பரவினால் ச்சி வந்ததாகக் கொள்வார்கள். 20 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் போகக் கூடாது, மயக்கம் வரும். ஊசி உறையைப் புதிதாகப் பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள். கருவுற்றிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட ஹெகு போன்ற சில புள்ளிகளை அப்போது தவிர்ப்பது மரபு.

பயன் உண்டா என்று கேட்டால், அளந்து பேச வேண்டியிருக்கிறது. மருத்துவச் சான்றுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 64 சோதனைகளில் பங்கேற்ற 7,104 பேரை ஆராய்ந்து, சிகிச்சையே இல்லாததோடும் வழக்கமான கவனிப்போடும் ஒப்பிடும்போது அக்குபங்சரால் சோர்வின் கடுமை ஓரளவு குறையலாம் என்றது. போலி ஊசியோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு சிறிதாகியது. சான்றுகளின் தரமும் தாழ்வு என்று சொன்னது. ஆகவே வேறு சிகிச்சைக்குத் துணையாக இதை வைத்துக்கொள்வதே முறை என்பது என் எண்ணம்.

உணர்ச்சியால் உணர்ச்சியை வெல்லுதல் என்ற வழியும் இந்த மருத்துவத்தில் உண்டு. ஜின் காலத்து மருத்துவர் ஜாங் ஸிஹே, அளவுகடந்த யோசனையால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தூங்காமலிருந்த செல்வந்தர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க அழைக்கப்பட்டார். கணவரோடு ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, அவர்களிடம் ஏராளமான பணத்தைப் பெற்று, சில நாள் அங்கேயே மது அருந்திவிட்டு, மருந்து ஒன்றும் எழுதாமல் கிளம்பிப் போனார். அந்தப் பெண் கொதித்துப்போனாள், வியர்த்துக் கொட்டியது, அன்றிரவே உறங்கி, எட்டு ஒன்பது நாள் எழவில்லை. யோசனை மண்ணீரலுக்கு உரியது, அதைக் கல்லீரலின் கோபம் வெல்லும் என்பது கணக்கு. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் பேச்சும் உறவும் மருந்தின் பகுதியே என்று அந்நாளிலேயே அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்தக் கதை போதும்.

கசாயமோ ஊசியோ தொடங்கிய பின் முதலில் சீராக வேண்டியவை தூக்கமும் பசியும்; மனம் அவற்றுக்குப் பின்னரே வரும். ஒரு வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் நாக்கையும் நாடியையும் மறுபடி பார்த்துச் சரக்கை மாற்ற வேண்டும். மூன்று மாதமாக ஒரே சீட்டைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆறு வாரத்தில் தூக்கம்கூட அசையவில்லை என்றாலோ, சோர்வு முன்னைவிட மிகுந்தாலோ, மிச்சமிருக்கும் பொட்டலங்களைத் தீர்த்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திராமல் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்க வேண்டும். அப்போது கசாயச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.